அண்ணனுக்கு ஐந்து மாதமாக ஒரு பக்க மூக்கடைப்பு: பயாப்ஸியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். இங்கே இத்தனை நாளும் படிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தேன். இன்று கேட்க வேண்டிய நிலைமை.

அண்ணனுக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஐந்து மாதம் முன்பு வலது பக்க மூக்கு அடைக்க ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தக் கம்பெனியில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். முதலில் பார்த்த டாக்டர் சைனஸ் என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். அடுத்தவர், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். நடுவில் யாரோ பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். மூன்றாம் நாளே மூச்சு தாராளமாக வந்தது. நிறுத்தி இரண்டு வாரத்தில் முன்பைவிட மோசம்.

இப்போது காலையில் மூக்கைச் சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வாடை. வலது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. சிடி ஸ்கேனில் வலது மூக்கறை முழுக்கச் சதை என்று வந்தது, பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "திசு அழிவு, கடுமையான அழற்சி, புற்று செல்கள் காணப்படவில்லை". அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி ஆழமாக எடுக்க வேண்டும், லிம்போமா சந்தேகம் என்கிறார். அது ரத்தப் புற்று வகையாம். மூக்கில் எப்படி ரத்தப் புற்று வரும்?

அப்பா ஒரே பிடிவாதம்: "இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம் எதுக்குக் கத்தி வைக்கணும்? கத்தி பட்டா பரவிடும்." என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:15

பதற வேண்டாம் தம்பி. கூகுளில் தேடினால் தும்மலுக்கும் கேன்சர் என்றுதான் வரும். எனக்குப் பதினெட்டு வருடமாக சைனஸ். மூன்று ஸ்கேன், ஒரு ஆபரேஷன், இன்னும் உயிரோடு இருக்கிறேன். ரிப்போர்ட் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பவில்லை என்றால் எதற்கு எடுக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் பில் போடுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

சிவகங்கைச் சீமை | ஞாயிறு, இரவு 10:52

எங்கள் பக்கத்தில் மூக்கில் சதை வளர்ந்து ரத்தம் வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "கண்மாயில குளிச்சியா?" ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. மாடு குளிப்பாட்டும் தேங்கிய தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு வருவது. ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி செக்கச்செவேல் என்று, மேலே வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். தொட்டால் ரத்தம் கொட்டும். என் சித்தப்பா மூன்று முறை ஆபரேஷன் செய்துகொண்டார், இன்னும் கண்மாயை விடவில்லை, அது வேறு கதை. அது கேன்சர் இல்லை. உங்கள் அண்ணனுக்கு அதுவாக இருக்குமோ?

காது மூக்கு தொண்டை | திங்கள், காலை 6:30

நான் தென்மாவட்டத்தில் ஈஎன்டி மருத்துவர். இங்கே உட்கார்ந்துகொண்டு யாருக்கும் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே வந்த சில பதில்களை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நான் ஒரு நாளில் பார்க்கும் மூக்குகளில் ஏறக்குறைய எல்லாமே அலர்ஜி, சளி, தண்டு வளைவு, பாலிப் என்கிற புற்றில்லாத சதை வளர்ச்சி இவைதான். சைனஸ் தொந்தரவு உள்ள எல்லாரும் கேன்சரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சைனஸ் பதினெட்டு வருடம், இரண்டு பக்கமும், வருவதும் போவதுமாக இருந்திருக்கும். சரிதானே? இவர் சொல்வது ஒரே பக்கம், ஐந்து மாதம், மாதத்துக்கு மாதம் அதிகமாகிக்கொண்டே போவது, ரத்தம், வாடை, கன்ன வீக்கம். அது வேறு ஜாதி.

இரண்டாவது, அந்த ஸ்டீராய்டு. அலர்ஜியும் பாலிப்பும் ஸ்டீராய்டில் சுருங்கும். லிம்போமாவும் சுருங்கும்! சுருங்கியதைப் பார்த்து "பாருங்கள், வெறும் அலர்ஜிதான்" என்று சந்தோஷப்படுவது எங்கள் துறையில் பழைய பொறி. நானே ஒரு தடவை விழுந்திருக்கிறேன். அதோடு, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பயாப்ஸி எடுத்தால் செல்கள் கரைந்துபோய் ரிப்போர்ட் குழப்பமாக வரலாம். மறுபடி எடுக்கும் முன் கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிவகங்கைக்காரரே, கண்மாய்க் கேள்வியை நானும் தினம் கேட்கிறவன்தான். ஆனால் ரைனோஸ்போரிடியத்தின் வித்துப்பைகள் மைக்ரோஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். முதல் பயாப்ஸியிலேயே பெரும்பாலும் மாட்டியிருக்கும். திசு அழிந்துபோன மூக்கு என்றால் நம் ஊரில் காசநோய், பூஞ்சை, ரத்தக்குழாய் அழற்சி நோய்கள், லிம்போமா எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பூஞ்சைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்பதை 2021இல் கறுப்புப் பூஞ்சை வந்தபோது எல்லாரும் பார்த்தோம். அதனால்தான் பெயர் தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது.

கத்தி பட்டால் பரவும் என்று அப்பா சொல்வதில் உண்மை இல்லை. அவர் காலத்தில் முற்றிய பிறகே பயாப்ஸிக்கு வந்தார்கள். எடுத்த சில மாதத்தில் ஆள் இறந்தார். பழி கத்தி மேல் விழுந்தது. அப்பாவைத் திட்டாமல் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

நொச்சி இலை | திங்கள், காலை 7:05

நொச்சியும் வேப்பிலையும் போட்டு ஆவி பிடித்து, நெற்றியில் சுக்குப் பற்று போட்டால் எந்த அடைப்பும் ஒரு மண்டலத்தில் இளகும். முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி.

காது மூக்கு தொண்டை | திங்கள், காலை 7:20

அம்மா, சளிக்கு நானும் ஆவி பிடிக்கிறேன். ஆனால் ரத்தம் கசியும் மூக்கில் சூட்டை ஏற்ற வேண்டாம். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். இவருக்கு அந்த 48 நாளைக் கடன் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நுண்ணோக்கி | திங்கள், மதியம் 1:45

பேத்தாலஜிஸ்ட். நாங்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை, ஸ்லைடை மட்டும்தான் பார்ப்போம். அதனால் எங்கள் ரிப்போர்ட்டின் மொழியை வீட்டில் தப்பாகப் புரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. "புற்று செல்கள் காணப்படவில்லை" என்றால் நீங்கள் அனுப்பிய துண்டில் காணவில்லை என்று மட்டும்தான் பொருள். அந்தத் துண்டே செத்த திசுவாக இருந்தால், நான் எதையும் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

மூக்கில் ரத்தப் புற்று எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்திலும் நெறிக்கட்டிகளிலும் மட்டும் இருப்பவை அல்ல. மூச்சோடு உள்ளே வரும் கிருமியை மறிக்க மூக்கின் உள்தோலிலும் தொண்டையிலும் காவல் இருக்கின்றன. அந்தக் காவல்காரர்களில் ஒருவன் கெட்டால் லிம்போமா அங்கேயே தொடங்கும். கழுத்தில் கட்டி இருக்காது. ரத்தப் பரிசோதனையும் சாதாரணமாகவே இருக்கலாம்.

மூக்கில் தொடங்குபவற்றில் இரண்டை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று பி செல் என்ற லிம்போசைட் வகையில் வருவது. கன்ன சைனஸில் கட்டியாக வளர்ந்து கண்ணைத் தள்ளும், பார்வை இரண்டாகத் தெரியும். மற்றது என்கே, டி என்ற லிம்போசைட் வகைகளில் வரும் என்கே/டி செல் லிம்போமா. சீனா, கொரியா, ஜப்பான் பக்கமும், பெரு, மெக்சிகோ போன்ற நாடுகளின் பூர்வகுடிகளிடமும் அதிகம். நம் நாட்டில் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை.

இந்த இரண்டாவதுதான் எங்களை ஏமாற்றும். அதன் செல்கள் ரத்தக்குழாய்களைச் சுற்றி மொய்த்து அவற்றை அழிக்கும். வாய்க்கால் உடைந்தால் வயல் காய்வதுபோல அந்தப் பகுதித் திசு முழுக்கச் சாகும். டாக்டர் மூக்குக்குள் பார்த்து எளிதாகக் கிள்ளி எடுப்பது அந்தக் காய்ந்த பயிரைத்தான். நடுவில் இரண்டு மூன்று உயிருள்ள செல் இருந்தாலும் சுற்றியுள்ள அழற்சிக் கும்பலில் காணாமல் போகும். இரண்டாவது, மூன்றாவது பயாப்ஸியில் பிடிபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1897இலேயே மக்பிரைடு என்ற மருத்துவர் மூக்கும் முகமும் வேகமாக அழிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு ஏறக்குறைய நூறு வருடம் இதற்கு வைத்த பெயர்களே ஒரு பட்டியல் வரும். அதில் ஒன்று "உயிர்க்கொல்லி நடுமுகக் கட்டி" என்கிற பொருளில். அது புற்றா, அழற்சியா என்றே சண்டை. 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் செல்களுக்குள் எப்ஸ்டைன் பார் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதே வைரஸின் தடயத்தைத்தான் ஈபர் என்ற பரிசோதனையில் தேடுகிறோம். செல்களை அடையாளம் காட்டும் புரதங்களான சிடி 3, சிடி 56, கிரான்சைம் பி, கூடவே ஈபர். இவை சேர்ந்தால் என்கே/டி. சிடி 20 நிறம் ஏறினால் பி செல்.

ஆகவே, டாக்டரிடம் கேட்க வேண்டியது: செத்த இடமும் நல்ல இடமும் சேரும் விளிம்பிலிருந்து, ஆழமாக, பல துண்டுகள். அனுப்பும் படிவத்தில் "லிம்போமா சந்தேகம்" என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் "மூக்குப் பாலிப்" என்று வந்தால் நான் ஈபர் போட மாட்டேன். அப்புறம் பழைய பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெரிய இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கிளாங் தமிழன் | திங்கள், மாலை 4:10

மலேசியாவிலிருந்து. என்னோடு வேலை செய்த சீன நண்பருக்கு இதே நோய். அவருக்கும் முதலில் சைனஸ் என்றுதான் சொன்னார்கள். பிறகு மூக்கும் வைரஸும் என்றதும், இங்கே எல்லாரும் அறிந்த மூக்குத்தொண்டைப் புற்றுதான் என்று நினைத்தோம். அதுவும் அதே வைரஸோடு தொடர்புள்ளது, ஆனால் அது ரத்தப் புற்று இல்லை. தோல் போன்ற செல்களில் வருவது, மருந்தும் வேறு. பெயர் தெளிவாக வரும்வரை அவர் மனைவி பட்ட பாடு... ஐந்து வருடம் ஆகிறது, ஆள் நன்றாக இருக்கிறார். அண்ணனுக்கு இன்னும் மூக்கில் மட்டும்தான் என்றால் காலத்தை வீணாக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 5:00

சரி, பயாப்ஸி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. வைரஸ்தான் காரணம் என்றால் குறைந்த செலவில் அந்த வைரஸுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதாதா?

நுண்ணோக்கி | திங்கள், மாலை 5:35

நல்ல கேள்வி, பதில் போதாது. அந்த வைரஸ் உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் தங்கியிருக்கிறது. ஆன்டிபாடி பார்த்தால் உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், வைரஸின் டிஎன்ஏ எவ்வளவு என்று அளப்பது வேறு பரிசோதனை. நோய் உறுதியான பிறகு வைத்தியம் கேட்கிறதா என்று பார்க்க அது உதவும். பயாப்ஸிக்கு மாற்று ஆகாது.

யாழ் பனை | செவ்வாய், அதிகாலை 3:20

கனடாவில் இருந்து எழுதுகிறேன். உங்களுடையது போல இல்லை, ஆனால் மூக்கில் தொடங்கியதுதான்.

அப்பாவுக்கு 71 வயது. கிழமைக்கு ஒருக்கால் மூக்கால் ரத்தம் வரும். பிரஷர் என்றார்கள், குளிர்காலத்து ஹீட்டர் காற்று என்றார்கள். இரண்டு முறை மூக்கின் உள்ளே ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டுவிட்டார்கள். நின்றுவிட்டுத் திரும்ப வரும். தலை பாரம், கண் மங்கல் என்றும் சொன்னார், நாங்கள் வயது என்று விட்டுவிட்டோம். கடைசியில் பிடித்தது கண் டாக்டர். விழித்திரை ரத்தக்குழாய்கள் கோத்த சொசேஜ் மாதிரி வீங்கிக் கிடக்கு, ரத்தத்தைப் பாருங்கோ என்று அனுப்பினார். ரத்தத்தில் மொத்தப் புரதம் 11, அதில் சாதாரணமாக இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 3. மிச்சத்தில் பெரும்பகுதி ஐஜிஎம் என்ற ஒரே புரதம். வால்டன்ஸ்ட்ராம் என்ற நோய், எலும்பு மச்சையில் இருந்து வரும் மெதுவான லிம்போமா.

அந்தப் புரதம் மிகப் பெரியது, ரத்தத்தைப் பாகு போல் ஆக்கிவிடும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளை மூடி ஒட்டவிடாமலும் செய்யுமாம். மூக்கைச் சுட்டு என்ன பயன்? ரத்தத்தை வெளியே எடுத்துப் பிளாஸ்மாவை மட்டும் மாற்றி ஏற்றினார்கள். அன்று இரவே மூக்கில் ரத்தம் நின்றது, அடுத்த நாள் பேப்பர் வாசித்தார். அதற்குப் பிறகுதான் மருந்து. ரிட்டுக்சிமாப்பை முதலிலேயே கொடுத்தால் ஐஜிஎம் இன்னும் ஏறலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

பிறகு தேடி வாசித்தபோது, சுவீடனில் வால்டன்ஸ்ட்ராம் 1944இல் எழுதிய இரண்டு நோயாளிகளுக்கும் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்ததுதான் முறைப்பாடு என்று கண்டேன். எங்கட அப்பாவுக்கும் அதே.

வெயிலூர் அம்மா | செவ்வாய், காலை 10:30

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகள் ஹாஸ்டலில் இருந்தாள். மே மாதம், மூக்கில் ரத்தம். "உடம்புச் சூடு" என்று நானே போனில் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை அரை மணி நேரம் நிற்கவில்லை. பல் தேய்த்தாலும் ரத்தம். காலில் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் என்று தோழிதான் சொன்னாள். பிளேட்லெட் 14,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாம்.

ஏபிஎல் என்கிற ரத்தப் புற்று. ரத்தக் கசிவிலேயே முதல் சில நாளில் ஆளைக் கொண்டுபோகக் கூடியது என்று பிறகுதான் தெரிந்தது. முழுப் பரிசோதனை முடிவு வரும் முன்பே, சந்தேகத்திலேயே அன்றைக்கே ஆட்ரா மாத்திரை தொடங்கினார்கள். அப்புறம் ஆர்செனிக். நாலு வருடம் ஆயிற்று, வேலைக்குப் போகிறாள். இன்றைக்கும் யாராவது மூக்கில் ரத்தம் என்றால் எனக்குக் கை நடுங்கும்.

காது மூக்கு தொண்டை | செவ்வாய், மதியம் 2:15

அம்மா, வெந்தயத்துக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். மே மாத மூக்கு ரத்தம் பெரும்பாலும் வெறும் வறட்சிதான். பிள்ளைகள் விரலால் நோண்டுவது அடுத்த காரணம். தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்தால் நிற்கும். அண்ணாந்து படுக்கக் கூடாது. அப்படியும் நிற்காமல், ஈறிலும் ரத்தம், காலில் ஊசிமுனைப் புள்ளி, காய்ச்சல், முகம் வெளுப்பு என்று ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். எங்கும் எடுக்கக் கூடிய சின்ன டெஸ்ட் அது.

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 2:50

ஆர்செனிக் என்றதும் ஒரு சின்னத் துணுக்கு. அது நம் வெள்ளைப் பாஷாணம்தான். ஏபிஎல்லுக்கு ஆட்ராவைச் சீனாவில் ஷாங்காய் மருத்துவர்கள் 1980களில் கொண்டுவந்தார்கள். ஆர்செனிக்கும் சீனாவிலிருந்து வந்ததே. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 72 புது நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து நல்ல பலன் கிடைத்ததை 2006இல் வெளியிட்டார்கள். ஊசியில் அளந்து ஏற்றி, இசிஜி பார்த்துக்கொண்டே கொடுப்பது. இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் பாஷாணம் கேட்டு நிற்க வேண்டாம், குறிப்பாக நொச்சி இலை அம்மா.

நொச்சி இலை | செவ்வாய், மாலை 6:00

நான் இலையோடு நிறுத்திக்கொள்கிறேன் சாமி.

நொய்யல்கரை | பதினேழு நாள் கழித்து, வெள்ளி இரவு 11:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்பாவிடம் "காய்ந்த பயிரைக் கிள்ளிப் பார்த்து வயலைப் பற்றிச் சொல்ல முடியுமா" என்று கேட்டேன். விவசாயி. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுநாள் அவரே கையெழுத்துப் போட வந்தார்.

மயக்கம் கொடுத்து ஆறு துண்டு எடுத்தார்கள். ஈபர் பாசிட்டிவ், சிடி 56 பாசிட்டிவ். என்கே/டி செல் லிம்போமா. உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் சிடி ஸ்கேனில் மூக்கையும் வலது கன்ன சைனஸையும் தாண்டி எங்கும் இல்லை. எலும்பு மஜ்ஜை சுத்தம். பழைய பிளாக்கிலும் ஈபர் போட்டுப் பார்த்தார்கள், அதில் ஓரமாகக் கொஞ்சம் ஏறியிருந்ததாம். அதைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது. அப்புறம் யோசித்தால், தேடச் சொல்லாமல் அவர்கள் எப்படித் தேடியிருப்பார்கள்?

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை: மற்ற லிம்போமாக்களுக்குப் பழகிய சாப் என்ற கீமோ இதற்குச் சரியாகக் கேட்காது, இந்தச் செல்கள் அந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். அதனால் அஸ்பராஜினேஸ் என்ற மருந்து உள்ள கீமோ, நடுவில் 25 நாள் ரேடியேஷன், பிறகு மறுபடி கீமோ. அஸ்பராஜினேஸ் போடும்போது கணையம், ரத்த உறைவு இரண்டையும் கவனிப்பார்களாம். இவ்வளவு சீக்கிரம் ஓரிடத்தில் பிடித்ததால் குணப்படுத்தும் நோக்கத்தோடே தொடங்குகிறோம் என்றார். சதவீதம் கேட்டேன். முதல் கீமோவுக்கு எப்படிக் கேட்கிறது, வைரஸ் அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றுவிட்டார்.

காது மூக்கு தொண்டை | சனி, காலை 6:15

ரேடியேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆடுகிற, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே முடிக்க வேண்டும். பிறகு தாடை எலும்பு ஆற நாளாகும். நடுவில் வாய்ப் புண் வரும். காரம் குறைத்து, குழைந்த சாதம், மோர், முட்டை. எடை குறையவிடாதீர்கள்.

நுண்ணோக்கி | சனி, காலை 8:40

அஸ்பராஜினேஸ் பிறந்த கதை அண்ணனுக்குச் சொல்லலாம், சிரிப்பார். 1953இல் கிட் என்பவர் கினிப் பன்றியின் ரத்தநீரை எலிகளுக்குச் செலுத்தினார், லிம்போமா கரைந்தது. ஏன் என்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது. அந்தப் புற்று செல்லுக்குத் தனக்கு வேண்டிய அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைச் சமைத்துக்கொள்ளத் தெரியாது, ரத்தத்திலிருந்து எடுத்தே பிழைக்கிறது. மருந்து அந்த ரேஷனை நிறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 9:30

தம்பி, என் முதல் பதிவை அழிக்கலாம் என்று வந்தேன். பிறகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் அதைக் கேட்காதது நல்லதாயிற்று. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதெது சேரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். அந்தப் பேப்பர் வேலையில் நான் உதவ முடியும்.

நொய்யல்கரை | சனி, இரவு 10:05

எல்லாருக்கும் நன்றி. கினிப் பன்றிக் கதையைச் சொன்னேன். "அப்ப எனக்கும் ரேஷன் கட்டா?" என்றார் அண்ணன். செவ்வாய்க்கிழமை முதல் கீமோ. அது முடிந்து ரேடியேஷன் தொடங்கும் முன் முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்வார்களாம், தலை அசையாமல் இருக்க. கட்டிங் மாஸ்டர் இல்லையா, யார் அளவெடுப்பது, தையல் சரியாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு உதவி. ரேடியேஷனுக்கு ஐந்து வாரம் அடையாறு பக்கம் தங்க வேண்டும். சமைத்துக்கொள்ள வசதியுள்ள, வாடகை குறைந்த அறை யாருக்காவது தெரியுமா? அம்மாவும் கூட வருவார்.

வெயிலூர் அம்மா | சனி, இரவு 10:20

தனி மடல் பாருங்கள் தம்பி. ஒரு வீட்டுக்கார அம்மாவின் நம்பர் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைச் சொல்லுங்கள், அட்வான்ஸ் கேட்க மாட்டார்.